பாடம் 5: பிள்ளைக்கு இது புது ஊர்



இந்தக் கைநூலின் முதல் நான்கு பாடங்களில் காணி, வீடு, ஆவணங்கள், தொழில் பற்றிப் பார்த்தோம். இந்தப் பாடம் உங்கள் சிறு பிள்ளைகளைப் பற்றியது. பிறந்த குழந்தை முதல் ஏறத்தாழ எட்டு வயது வரையான பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதைச் சேர்ந்திருந்து வாசியுங்கள். வாசிக்க முடியாத அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எடுத்துக்காட்டுக்குக் கிளிநொச்சி நகரத்தை எடுத்துக்கொள்கிறோம். வேறு நகரத்துக்குத் திரும்பியவர்கள் தங்கள் ஊரின் வீதியையும் குளத்தையும் அந்த இடத்தில் வைத்து வாசிக்கலாம்.

1. "எப்ப வீட்டுக்குப் போறது?"

தமிழ்நாட்டு முகாமொன்றிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பிய தாய் ஒருவர் எங்கள் களப் பணியாளரிடம் இப்படிச் சொன்னார்: "சொந்தக் காணியில கால் வைச்ச அண்டைக்கு நான் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டன். என்ர மகள் அண்டைக்கு இரவு, எப்ப வீட்டுக்குப் போறது எண்டு கேட்டாள்." மகளுக்கு ஐந்து வயது. அவள் வீடு என்று சொன்னது முகாமில் இருந்த அந்த ஒற்றை அறையை.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வந்திருக்கலாம். அதைக் கேட்டு மனம் நொந்து, "இதுதான் உன்ர வீடு, இனி அந்தக் கதை வேண்டாம்" என்று சொல்லியும் இருக்கலாம். பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் திரும்பி வந்திருக்கிறீர்கள். பிள்ளையோ புதிதாக வந்திருக்கிறது. உங்களுக்கு இங்கே ஒரு மாமரமும் ஒரு கோயில் மணியும் நினைவிருக்கும். பிள்ளைக்கு நினைவில் இருப்பது முகாமின் தண்ணீர்க் குழாயும், பக்கத்து அறைத் தோழியும், மாலையில் விளையாடிய ஒழுங்கையும். வவுனியாவிலோ மன்னாரிலோ உறவினர் வீட்டில் வளர்ந்து திரும்பும் பிள்ளைக்கும் இது பொருந்தும். நீங்கள் இடம்பெயர்ந்தபோது இழந்ததுபோல, திரும்பி வந்தபோது உங்கள் பிள்ளை ஒன்றை இழந்திருக்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் பல விடயங்கள் இலகுவாகும். பிள்ளை பழைய இடத்தைப் பற்றிக் கதைக்கும்போது கதைக்க விடுங்கள். அங்கே எடுத்த படங்கள் இருந்தால் சுவரில் ஒட்டுங்கள். தோழியோடு தொலைபேசியில் கதைக்க வழி இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை கதைக்க வையுங்கள். பழைய இடத்தை மறக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் புதிய இடத்தில் வேரூன்ற வைக்க முடியாது.

முதல் வாரங்களில் சில மாற்றங்கள் தெரியும். இரவில் பாயில் சிறுநீர் கழிப்பது நின்றிருந்த பிள்ளை மறுபடி கழிக்கலாம். விரல் சூப்பலாம். தாயின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு திரியலாம். காரணமில்லாமல் அழலாம், சாப்பாட்டைத் தள்ளலாம். இவை பெரும்பாலும் பயத்தின் அடையாளங்கள். பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். இவற்றுக்காக அடிக்கவோ மற்றவர் முன் கேலி செய்யவோ வேண்டாம். ஈரமான துணியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். பழகப் பழக இவை தாமாகக் குறையும்.

2. ஊரை நடந்து காட்டுங்கள்

முதல் வாரத்திலேயே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரை நடந்து காட்டுங்கள். ஒரே நாளில் முழுவதையும் காட்டத் தேவையில்லை. ஒரு நாள் கடை வரை, இன்னொரு நாள் பாடசாலை வரை, மற்றொரு நாள் வைத்தியசாலை வரை. திரும்பி வரும்போது பிள்ளையை முன்னே விட்டு, "இப்ப நீ என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லுங்கள். வழி தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும்.

இந்த நடை உங்களுக்கும் தேவை. நீங்கள் விட்டுப்போன ஊர் அப்படியே இல்லை. நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

ஏ9 வீதி. நகரின் நடுவே செல்லும் இந்தக் கண்டி வீதியில் இப்போது பஸ்களும் பார ஊர்திகளும் வேகமாகச் செல்கின்றன. முகாமின் ஒழுங்கைகளில் ஓடித் திரிந்த பிள்ளைக்கு வாகனத்தின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. சிறு பிள்ளை தனியாக இந்த வீதியைக் கடக்கக் கூடாது. கடவையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பெரியவரின் கையைப் பிடித்துக் கடக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே சொல்லிக் கொடுங்கள்.

ரயில் பாதை. 1990 இல் வடக்குக்கான ரயில் சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இல்லாமற்போய், அந்தப் பாதை மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையானது. உங்களில் பலர் அதில் நடந்து பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆகவே உங்கள் நினைவில் பாதுகாப்பாக இருக்கும் அந்தப் பாதை இன்று உயிராபத்தான இடம். ரயில் நெருங்கும்வரை அதன் சத்தம் பெரிதாகக் கேட்காது. தண்டவாளத்தில் இருப்பது, அதன் வழியே நடப்பது, ஆடு மாடு மேய்ப்பது எல்லாவற்றையும் முற்றாகத் தவிருங்கள்.

வாய்க்காலும் கிணறும். இரணைமடுக் குளத்திலிருந்து வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள் நகரைச் சுற்றி ஓடுகின்றன. சிறுபோகத்துக்குக் குளம் திறக்கும்போது, நேற்றுக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் இன்று நீர் வேகமாக ஓடும். பிள்ளைக்கு அது நேற்று விளையாடிய இடமாகத்தான் தெரியும். காணியில் கட்டு இடிந்த பழைய கிணறு இருந்தால், வீடு திருத்துவதற்கு முன்னரே அதைச் சுற்றி அடைத்துவிடுங்கள். சீமெந்துக் கட்டுக்குப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பனை மட்டையும் கம்பியும் போதும். மலசலகூடத்துக்கு வெட்டிய குழியையும் மூடி வையுங்கள். மழைக்கு அது நிரம்பும்.

வெடிபொருட்கள். போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றும் வேலை தொடர்ந்து நடந்தது. வெடி அகற்றப்பட்டதாக ஒப்படைத்த காணியிலும் சந்தேகமான பொருளைக் கண்டால் கவனமாக இருங்கள். சிவப்பு நிற எச்சரிக்கைப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்புத் தடிகள் ஆகியவற்றின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். மூன்று கட்டளைகள் போதும்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். பழைய இரும்பு பொறுக்கி விற்கப் பிள்ளைகளை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். குப்பை எரிப்பதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள். ஏதும் கண்டால் இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலரிடமோ 119 என்ற பொலிஸ் இலக்கத்திலோ சொல்லுங்கள்.

3. ஒரு நாளின் ஒழுங்கு

வீடு அரைகுறையாக இருக்கலாம். தகரக் கொட்டிலாகவும் இருக்கலாம். ஆனாலும் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் பிள்ளைக்கு அது ஒரு சுவர்போல உதவும். எழும்புதல், குளித்தல், சாப்பிடுதல், விளையாடுதல், படுத்தல் என்ற ஐந்தும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

பெற்றோர் இருவரும் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கும் காலம் இது. காலையில் பிரதேச செயலகம், மத்தியானம் வங்கி, பின்னேரம் சீமெந்துக் கடை. பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று, பசியோடும் வெயிலோடும் அதைத் திட்டுவதைவிட, ஒரு நாளைக்கு ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒளித்துப் போகாதீர்கள். பல முறை இடம் மாறிய பிள்ளை, காணாமற்போகும் தாயைப் பார்த்து மிகவும் பயப்படும். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவன்" என்று சொன்னால், அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

படுக்கும் முன் பத்து நிமிடம் பிள்ளைக்காக ஒதுக்குங்கள். ஒரு கதை, ஒரு பாட்டு, அன்று நடந்த ஒரு சம்பவம். தகப்பன்மாருக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். பகல் முழுக்கக் கட்டட வேலையில் நிற்கும் தகப்பன், இந்தப் பத்து நிமிடத்தால் பிள்ளையின் நாளுக்குள் வந்துவிடலாம்.

தரையில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். நுளம்புக்கு மட்டுமல்ல, இரவில் ஊர்ந்து வரும் விரியன் பாம்புக்கும் அது தடுப்பு. இரவில் வெளியே போக ரோச் லைட் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு, வெட்டி, மந்திரித்து நேரத்தைக் கழிக்காமல் உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

4. பிள்ளையின் தமிழும் ஊரின் தமிழும்

தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை பேசுவதும் தமிழ்தான், இங்கே கதைப்பதும் தமிழ்தான். ஆனாலும் வகுப்பில் முதல் வாரம் பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. "கொசு கடிக்குது" என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிறு பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு பெரிய காயம்.

பாடசாலைக்கு அனுப்பும் முன் ஒரு விளையாட்டாகச் சில சொற்களைப் பழக்குங்கள். கொசு இங்கே நுளம்பு. சோப்பு இங்கே சவர்க்காரம். சாவி இங்கே திறப்பு. பிரெட் இங்கே பாண். வேர்க்கடலை இங்கே கச்சான். சாயந்தரம் இங்கே பின்னேரம். அங்கன்வாடி இங்கே முன்பள்ளி. ஒன்றாம் வகுப்பு இங்கே தரம் 1. "அங்க இப்படிச் சொல்லுவம், இங்க இப்படிச் சொல்லுவம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று சரி, மற்றது பிழை என்று சொல்ல வேண்டாம். இரண்டு ஊரின் சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சொல் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

வகுப்பாசிரியரைச் சந்திக்கும்போது இதையும் சொல்லிவையுங்கள். "என்ர பிள்ளை இந்தியாவில் இருந்து வந்தது, கதை வித்தியாசமா இருக்கும், மற்றப் பிள்ளையள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்று ஒரு வசனம் போதும். இங்கே சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கப்படுகிறது. அது பிள்ளைக்கு முற்றிலும் புதிது. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பிள்ளை படித்ததை உங்களுக்குச் சொல்லித் தரும்படி கேளுங்கள். அம்மாவுக்கு ரீச்சராக இருக்க எந்தப் பிள்ளைக்கும் விருப்பம்.

5. கிளினிக்கும் தடுப்பூசியும்

வந்த முதல் இரு வாரங்களுக்குள் உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மருத்துவமாது என்று ஊரில் சொல்வது அவரைத்தான். கர்ப்பிணித் தாய்மாரையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் வீடு தேடி வந்து பார்ப்பது அவரது கடமை. இந்தச் சேவைக்குப் பணம் இல்லை. ஆனால் நீங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரிந்தால்தானே அவர் வருவார்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெயரைப் பதியுங்கள்.

பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டு செல்லுங்கள். இந்தியாவில் ஊசி போட்ட அட்டையைப் பார்த்துப் பல தாய்மார் குழம்புகிறார்கள். அங்கே குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் இங்கே 2, 4, 6 மாதங்களில் போடப்படுகின்றன. காலம் வேறு என்பதால் ஊசி தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. இலங்கையின் ஒழுங்கு இதுதான்:

பிறந்தவுடன்: பீ.சீ.ஜி. ஊசி
2, 4, 6 மாதங்களில்: ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் போலியோ மருந்தும்
9 மாதத்தில்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி
12 மாதத்தில்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி
18 மாதத்தில்: முக்கூட்டு ஊசியும் போலியோ மருந்தும்
3 வயதில்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி இரண்டாம் முறை
5 வயதில்: தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஊசியும் போலியோ மருந்தும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இந்தியாவில் சில மாவட்டங்களில் மட்டுமே போடப்படுகிறது. கூகைக்கட்டுக்கான ஊசி அங்கே அரச ஊசி அட்டவணையில் இல்லை. ஆகவே எது விடுபட்டது, எப்போது போடலாம் என்று உத்தியோகத்தரும் வைத்தியரும் பார்த்துச் சொல்வார்கள். அட்டை தொலைந்துவிட்டாலும் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் பிள்ளையின் பெயரில் ஒரு சுகாதார விருத்திப் பதிவேடு தருவார்கள். காணி உறுதியைப்போல அதைப் பொலித்தீன் உறையில் போட்டுப் பாதுகாத்து வையுங்கள். பாடசாலை சேர்க்கும்போதும் அதைக் கேட்பார்கள். இரண்டு வயது வரை மாதந்தோறும் நிறை பார்க்க வேண்டும். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணி மற்றும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக் ஊடாகத் திரிபோஷா வழங்கப்படும். அதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் பங்கிடாமல் உரியவருக்கே கொடுங்கள்.

சாப்பாட்டில் மூன்றை நினைவில் வையுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மசித்த சோறு, பருப்பு, மீன், முட்டை, கீரை. விலை கூடிய பால்மாவும் பிஸ்கற்றும் வாங்க முடியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். வேலியில் நிற்கும் முருங்கையும், சந்தையில் கிடைக்கும் நெத்தலியும், அவித்த பயறும் கௌபியும் பிள்ளைக்கு நல்ல உணவு.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். கொதித்தாறிய நீரில், பைக்கற்றில் எழுதியுள்ள அளவுக்குக் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பாவியுங்கள். ஜீவனி கைவசம் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாரி காலம். டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிடும். சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய ரயர், வீடு கட்ட வைத்திருக்கும் தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள் அல்லது இறுக மூடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுறோஃபன் போன்றவை ஆபத்தானவை. இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் விட்ட பின்னும் வயிற்றுநோ, சத்தி, சோர்வு இருந்தால் தாமதிக்க வேண்டாம். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான்.

6. முன்பள்ளியும் பாடசாலையும்

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்புங்கள். எழுத்துப் பழக்குவதற்காக அல்ல. சம வயதுப் பிள்ளைகளோடு பழகுவதற்காக. முதல் சில நாட்கள் அழும். ஆசிரியரின் அனுமதியோடு சிறிது நேரம் வாசலில் இருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

தரம் 1 இல் சேர, அந்த ஆண்டின் ஜனவரி 31 இல் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். ஜனவரியில் போய்க் கேட்கலாம் என்று இருந்துவிட்டால் பிந்திவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தடுப்பூசிப் பதிவேடு, வதிவிடத்துக்கான கிராம அலுவலரின் சான்று ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். பாடநூலும் சீருடைத் துணியும் அரசினால் இலவசமாகத் தரப்படுகின்றன.

இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே பெற்ற பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, பிரஜாவுரிமைச் சான்றிதழும் பெற வேண்டும். பதியாமல் வந்தவர்கள் பிரதேச செயலகத்தில் வழி கேளுங்கள். 3 ஆம் பாடத்தில் இதுபற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

பத்திரம் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. அதிபரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள். அங்கே சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். ஒரு கடதாசிக்காகப் பிள்ளையின் ஒரு வருடம் போகக் கூடாது.

7. அக்கம்பக்கம்

முகாமில் இடம் காணாது, தண்ணீர் காணாது, எல்லாவற்றுக்கும் வரிசை. ஆனால் ஒன்று இருந்தது. உங்கள் பிள்ளை எந்த அறைக்குள் ஓடினாலும் அங்கே ஒரு மாமியோ அக்காவோ இருந்தார்கள். நீங்கள் அடுப்பில் நின்றாலும் பிள்ளையை யாரோ பார்த்துக்கொண்டார்கள். இங்கே காணி பெரிது, வேலி உயரம், பக்கத்து வீடு தூரம். தாய் தனியே, பிள்ளையும் தனியே. திரும்பி வந்த தாய்மார் பலர் எங்களிடம் சொல்லும் முதற் கவலை பணத்தைப் பற்றியது. இரண்டாவது இந்தத் தனிமை.

இதற்கு மருந்து நீங்களே முதலில் படலையைத் திறப்பதுதான். இரண்டு பக்க வீட்டாரிடமும் பிள்ளையைக் கூட்டிச் சென்று அறிமுகப்படுத்துங்கள். அவர்கள் உங்களுக்கு முன்னர் திரும்பியவர்களாகவோ வேறு ஊரிலிருந்து வந்தவர்களாகவோ இருக்கலாம். "இந்தியாவுக்குப் போனவர்கள்", "இங்கேயே நின்று அனுபவித்தவர்கள்" என்ற கதை பெரியவர்களிடையே வரலாம். பிள்ளைகளின் விளையாட்டுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள மூன்று நான்கு தாய்மார் சேர்ந்து ஒரு முறை வைக்கலாம். திங்கட்கிழமை ஒருவர் வீட்டில் பிள்ளைகள், புதன்கிழமை இன்னொருவர் வீட்டில். மற்றவர்கள் அந்த நேரத்தில் அலுவலகத்துக்கோ கூலி வேலைக்கோ போய்வரலாம். ஆனால் பழகித் தெரிந்தவரிடம் மட்டுமே பிள்ளையை விடுங்கள். திரும்பி வந்ததும் என்ன விளையாடினாய், யார் யார் வந்தார்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். உன் உடம்பை யாரும் தொட்டு உனக்குப் பிடிக்காவிட்டால் உடனே என்னிடம் சொல், நான் ஏச மாட்டேன் என்று சொல்லிவையுங்கள். பல கிராம அலுவலர் பிரிவுகளில் சிறுவர் கழகங்கள் உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

8. பிள்ளை கேட்கும் பெரிய கேள்விகள்

"ஏன் இந்தச் சுவரில ஓட்டை இருக்கு?" "படத்தில இருக்கிற சித்தப்பா எங்க?" "நாங்கள் திரும்பவும் ஓட வேணுமா?"

இந்தக் கேள்விகள் வரும். வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் துக்கமும் திரும்பி வரும். கிணற்றடி, மாமரம், அடுத்த வளவு எல்லாம் யாரையோ நினைவூட்டும். பிள்ளை கேட்கும்போது உங்கள் தொண்டை அடைக்கலாம். அதனால் பலர் "சின்னப்பிள்ளைக்கு என்ன இந்தக் கதை" என்று வாயை மூடிவிடுகிறார்கள். ஆனால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டது. பதில் கிடைக்காத பிள்ளை தானாக ஒரு பதிலைக் கற்பனை செய்யும். அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். சில பிள்ளைகள் அம்மா அழுவது தன் குழப்படியால் என்று நினைத்துவிடும்.

பொய் சொல்ல வேண்டாம், முழுவதையும் கொட்டவும் வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும், சிறிய வசனத்தில், உண்மையைச் சொல்லுங்கள். "முந்தி இங்க சண்டை நடந்தது. அப்ப வந்த ஓட்டை இது. இப்ப சண்டை இல்லை. நாங்கள் இதைப் பூசுவம்." சித்தப்பா இறந்திருந்தால், "செத்துப்போனார், எங்களுக்கெல்லாம் அவரில நல்ல விருப்பம்" என்று சொல்லலாம். என்ன ஆனார் என்றே தெரியாதவராக இருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள்: "எங்க இருக்கிறார் எண்டு எங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறம். அதுதான் அம்மம்மா சில நேரம் அழுறா. நீ செய்த எதுக்காகவும் இல்லை." வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிவைத்தால், ஒவ்வொரு முறை வாசலில் ஓட்டோ நிற்கும்போதும் பிள்ளை ஓடிப்போய்ப் பார்க்கும்.

மூன்றாவது கேள்விக்கு யாராலும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லலாம்: "எங்க போனாலும் அம்மா உன்னை விடமாட்டன்."

9. எப்போது உதவி கேட்க வேண்டும்

கீழுள்ளவற்றில் ஏதாவது ஒன்று வாரக்கணக்கில் குறையாமல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ கதையுங்கள்:

பிள்ளை கதைப்பதை நிறுத்திவிட்டது.
விளையாட்டில் எந்த விருப்பமும் இல்லை.
ஒவ்வொரு இரவும் பயந்து கத்தி எழும்புகிறது.
தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துகிறது.
நிறை தொடர்ந்து குறைகிறது.

பெற்றோருக்கும் இது பொருந்தும். நித்திரை இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சின்னக் குழப்படிக்கும் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், குடி கூடினால், அது உங்கள் குற்றம் என்று மறைக்க வேண்டாம். உளநல உதவிக்கு 1926. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் நடந்தால் 1929. இந்த இலக்கங்களையும் 119, 1990 என்பவற்றையும் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. பிள்ளையோடு ஒரு புதிய இடத்துக்கு நடந்து, பிள்ளையே வழிகாட்டித் திரும்பி வாருங்கள்.
2. காணியிலுள்ள கிணறு, குழி, தண்ணீர் தேங்கும் பாத்திரங்கள் ஆகியவற்றைச் சுற்றிப் பாருங்கள்.
3. கிளினிக் நாள் எது என்று கேட்டு எழுதி வையுங்கள்.
4. ஒரு அயல்வீட்டுக்குப் பிள்ளையோடு போய்வாருங்கள்.
5. பழைய இடத்தில் பிள்ளைக்குப் பிடித்த மூன்று விடயங்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இடையில் திருத்தாமல் கேளுங்கள்.

குடும்பமாகக் கலந்துரையாட

நீங்கள் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரில் உங்களுக்குப் பிடித்த இடம் எது? அது இப்போது இருக்கிறதா? இல்லாவிட்டால், பிள்ளைக்குப் பிடித்த இடமாக எது ஆகலாம்?

முதலில் சொன்ன அந்தச் சிறுமியின் தாய், வளவில் வெட்டாமல் விட்ட வேப்பமரத்தில் பழைய சேலையால் ஒரு ஊஞ்சல் கட்டினார். பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். தாய் படலையைத் திறந்துவிட்டார். சில மாதங்களின் பின் எங்கள் பணியாளர் போனபோது, சிறுமி முகாமைப் பற்றி இன்னும் கதைத்தாள். ஆனால் விளையாடி முடிந்து இருட்டும் நேரம், பக்கத்து வீட்டில் நின்றபடி, "நான் வீட்ட போறன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.